நெட் ரிக்கில் முள்ளை மறைப்பதா, வெளியே விடுவதா?

டொரண்டோவில் இருந்துகொண்டு ரைஸ் லேக்கிலும் சிம்கோ ஏரியிலும் பாஸ் மீன் பிடிக்கிறீர்கள். ஸ்பின்னிங் ராட், 6 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லைன். நெட் ரிக், அதாவது காளான் வடிவ எடைத் தலையுள்ள சின்ன முள்ளில் செருகிய பிளாஸ்டிக் புழு, போட்டால் வீச்சுக்கு வீச்சு களை வருகிறது. அதற்காக நுனி புழுவுக்குள் மறையும் வீட்லெஸ் முள்ளுக்கு மாறினீர்கள். களை குறைந்துவிட்டது, ஆனால் கொத்துகிற மீன் இரண்டு மூன்று நொடி இழுத்துவிட்டுக் கழன்றுவிடுகிறது. முள்ளை மறைப்பதா, வெளியே விடுவதா என்பது உங்கள் கேள்வி.

மெல்லிய லைனும் சின்ன லூரும் (போலி இரை) கொண்டு பிடிக்கும் ஃபினெஸ் முறையில் முள் வெளியே இருப்பதுதான் இயல்பு. வேறு வழியே இல்லாத இடத்தில்தான் மறைக்க வேண்டும். அப்படி மறைக்கும்போது முள்ளை மட்டும் மாற்றினால் போதாது. லைன், ராட், புழுவின் பருமன், முள் இறங்க ராடைச் சுண்டும் விதம் நான்கும் சேர்ந்து மாற வேண்டும். நீங்கள் முள்ளை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். மீன் கழல்வதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

விசையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மீன் பலமாக இழுக்கும்போது லைனை வழுக்கவிடும் ரீலின் டிராக்கை லைன் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வைப்பது வழக்கம். 6 பவுண்டு லைனுக்கு அது ஒன்றரை முதல் 2 பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவு. நீங்கள் எவ்வளவு ஓங்கிச் சுண்டினாலும் அந்த அளவைத் தாண்டியதும் டிராக் வழுக்கிவிடும். இருபது, இருபத்தைந்து மீட்டர் லைன் வெளியே இருந்தால் ஃப்ளூரோகார்பன் நீண்டு கொடுக்கும், மெல்லிய ராட் வளைந்து கொடுக்கும். கடைசியில் முள் நுனிக்குப் போய்ச் சேருவது சில நூறு கிராம் விசைதான். மெல்லிய கம்பியில் செய்த, கூர்மையான, வெளியே நிற்கிற முள்ளுக்கு அது தாராளமாகப் போதும். ஹேண்டிலைச் சுற்றிக்கொண்டே ராடை மெதுவாகச் சாய்த்தால் முள் தானே இறங்கும்.

அதே சில நூறு கிராமை வைத்துக்கொண்டு வீட்லெஸ் முள் என்னென்ன செய்ய வேண்டும்? மீன் புழுவைக் கவ்விப் பிடித்திருக்கிறது. முதலில் அந்தப் பிடிக்குள்ளேயே புழு நசுங்கித் தண்டின் மேல் கீழிறங்க வேண்டும். பிறகு நுனி பிளாஸ்டிக்கைக் கிழித்து வெளியே வர வேண்டும். அதன் பிறகுதான் வாயின் சதையில் இறங்கி, நுனிக்குக் கீழே உள்ள எதிர்முள் வரை உள்ளே போக வேண்டும். இதற்கு மேல், கடையில் வீட்லெஸ் என்று விற்கிற அகல வாய் முட்கள், இ.டபிள்யூ.ஜி என்பார்களே, பெரும்பாலும் தடித்த கம்பியில் வருபவை. கம்பி தடிக்கத் தடிக்கக் குத்தி இறக்குவதற்கான விசை வேகமாகக் கூடும். உங்கள் மீன் கொத்தியவுடனே விடுவதில்லை, இரண்டு மூன்று நொடி இழுத்துவிட்டுத்தான் போகிறது. அப்படியென்றால் ஒன்று, நுனி இறங்கி எதிர்முள் இறங்காமல் நின்றிருக்கிறது. அல்லது முள் படவே இல்லை, மீன் வெறும் புழுவைக் கவ்விக்கொண்டு இழுத்திருக்கிறது. இரண்டுக்கும் விசைக் குறைவுதான் காரணம்.

தமிழ்நாட்டில் தவளை லூர் போட்டு விரால் பிடித்தவர்களுக்கு இது எளிதில் புரியும். அந்த லூரில் இரட்டை முள் தவளையின் முதுகை ஒட்டி மறைந்திருக்கும். தாமரை இலை மேலே இழுத்தாலும் சிக்காது. அது வேலை செய்வதற்குக் காரணம் 40, 50 பவுண்டு பிரெய்டு என்னும் பின்னல் லைனும், வளையாத ராடும், இறுக்கி மூடிய டிராக்கும். அந்த முள்ளை 6 பவுண்டு லைனில் கட்டினால் விரால் துப்பிவிட்டுப் போய்விடும்.

முள்ளை மறைக்கும் வழக்கமே கனமான தளவாடத்தோடு வளர்ந்ததுதான். நிக் க்ரீம் 1949-இல் ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரனில் பிளாஸ்டிக் புழுவை உருவாக்கினார். ஆரம்பத்தில் அந்தப் புழு வெளியே தெரியும் முட்களோடுதான் விற்பனைக்கு வந்தது. டெக்சஸில் அணை கட்டி மூழ்கடித்த காடுகளில், நீருக்குள் நிற்கும் மரங்களுக்கு நடுவே அதை இழுக்க வேண்டி வந்தபோது அங்கிருந்தவர்கள் நுனியைப் புழுவுக்குள் திருப்பிச் செருகினார்கள். டெக்சஸ் ரிக் பிறந்தது அப்படி. மரத்துக்காக வந்த ஏற்பாடு அது. தடித்த லைன், விறைப்பான ராட், இரண்டு கையாலும் இழுக்கும் சுண்டல் எல்லாம் அதோடு சேர்ந்தவை. நெட் ரிக்குக்குப் பெயர் கொடுத்த நெட் கெடியும் கான்சஸில் அவரோடு மீன் பிடித்தவர்களும் எதிர்த் திசையில் போனார்கள்: 1/16 அவுன்ஸ், அதாவது 2 கிராம்கூட இல்லாத காளான் தலை, அதில் 4-ஆம் எண் போன்ற சின்ன முள், நுனி முழுக்க வெளியே. சிக்காமல் இருக்க அவர்கள் முள்ளை மறைக்கவில்லை. முள்ளைச் சிறிதாக்கினார்கள், எடையைக் குறைத்தார்கள், தரையில் உரசாமல் அதற்கு மேலே மிதக்கவிட்டு இழுத்தார்கள். உங்களுக்கும் நான் முதலில் சொல்ல விரும்பும் வழி இதுதான்.

அதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். அடுத்த முறை களையோடு லூர் வரும்போது உடனே பிய்த்து எறியாமல், எந்த இடத்தில் தொங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலானவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. களை பிடிக்க நெட் ரிக்கில் மூன்று இடம் உண்டு: முள் நுனி, தலைக்கும் புழுவுக்கும் நடுவே உள்ள விளிம்பு, லைன் கட்டும் காது. காளான் தலையில் காது மேல் நோக்கிச் செங்குத்தாக நிற்பதால், லைன் வழியே வழுக்கி வரும் இழைகள் அந்த முடிச்சில்தான் சேரும். களை அங்கே தொங்கினால் உலகத்திலேயே சிறந்த வீட்லெஸ் முள் போட்டாலும் பயன் இல்லை. மாற்ற வேண்டியது தலையின் வடிவம். காது மூக்கு நுனியில் இருக்கிற, தோட்டா போலக் கூம்பிய தலை அந்த இழைகளை ஒதுக்கிக்கொண்டு போகும். முடிச்சின் மிச்ச நுனியை ஒட்ட வெட்டுங்கள்; இரண்டு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால்கூட பாசி அதில் சுற்றும்.

நுனியில்தான் தொங்குகிறது என்றால், அது எந்தக் களை என்பது அடுத்த விஷயம். அகலமான இலையும் முறுக்கான தண்டும் உள்ளது கேபேஜ் வீட். அதில் முள் மாட்டினால் சட்டென்று ஒரு வெட்டு வெட்டினால் போதும், இலை கிழிந்து லூர் விடுபடும். அந்தத் துள்ளலைப் பார்த்தே பல மீன் பாயும். இந்தக் களையில் நான் முள்ளை மறைக்கவே மாட்டேன்; 10 பவுண்டு பிரெய்டு போட்டு முனையில் ஃப்ளூரோகார்பன் லைன் துண்டை லீடராகக் கட்டிக்கொண்டால் வெட்டு கூர்மையாக விழும். மில்ஃபாயில் அப்படி இல்லை. இறகு போன்ற மெல்லிய இழைகள் கிழியாமல் கொத்தாகக் கூட வரும். கூன்டெயிலும் ஏறக்குறைய அப்படித்தான். இந்த இரண்டுக்கும் நடுவே இழுக்க வேண்டியிருந்தால் மறைப்பதில் நியாயம் உண்டு. காரா என்கிற, தரையோடு தரையாகப் படர்ந்து கையில் நெருநெருவென்று படும் பாசி வேறு வகை. அதன் உயரம் பெரும்பாலும் ஒரு சாண், ஒன்றரைச் சாண்தான். அங்கே முள்ளை மறைப்பதைவிட உயர்த்துவது நல்லது.

உயர்த்துவது என்றால் டிராப் ஷாட். ஈயம் கீழே, முள் அதற்கு மேலே. ஈயத்துக்கும் முள்ளுக்கும் நடுவே 40, 50 சென்டிமீட்டர் விட்டால் ஈயம் பாசிக்குள் இறங்கும், புழு பாசிக்கு மேலே ஆடிக்கொண்டிருக்கும், முள் தாராளமாக வெளியே இருக்கலாம். புழுவின் மூக்கில் மட்டும் 1 அல்லது 2-ஆம் எண் முள்ளைக் குத்தினால் புழுவின் ஆட்டமும் கெடாது, மீனும் பெரும்பாலும் உதட்டோரத்திலேயே மாட்டும். இதற்கென்று உருளை வடிவ ஈயம் விற்கிறார்கள். குண்டு ஈயத்தைவிட அது பாசியிலிருந்து வழுக்கி வெளியே வரும். அதன் தலையில் லைனைக் கவ்வும் சின்னக் கம்பி வளையம் இருக்கிறது. அதில் முடிச்சுப் போடாமல் வெறுமனே செருகி விடுங்கள். பாறை இடுக்கில் ஈயம் மாட்டினால் லைன் அதிலிருந்து உருவிக்கொள்ளும். ஈயம் மட்டும் போகும், முள்ளும் புழுவும் திரும்ப வரும்.

பாறை பற்றிச் சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் தவறாகக் காசு செலவழிக்கிறார்கள். பாறையில் பெரும்பாலும் மாட்டுவது முள் நுனி அல்ல, தலைதான் இடுக்கில் போய் ஆப்பாக இறுகுகிறது. முள்ளை எவ்வளவு மறைத்தாலும் தலை இறுகுவதை அது தடுக்காது. 1/4 அவுன்ஸிலிருந்து 1/10-க்கு இறங்குங்கள். மாட்டுவது பாதியாகக் குறைந்ததுபோல் தோன்றும். மாட்டிக்கொண்டால் பலமாக இழுக்க வேண்டாம், லைனைத் தளரவிட்டு எதிர்ப்பக்கம் நகர்ந்து சுண்டுங்கள். மரத்தில் நிலைமை நேர்மாறு. மூழ்கிய கிளையிலும் படகுத்துறைக் காலிலும் குத்துவது நுனிதான். அங்கே மறைத்த முள் முழுப் பலன் தரும்.

மறைப்பதற்கும் திறந்து விடுவதற்கும் நடுவே இன்னும் இரண்டு படி இருக்கிறது. ஒன்று வீட் கார்டு. முள்ளின் காதுப் பக்கத்திலிருந்து மெல்லிய கம்பியோ இரண்டு நைலான் மயிரோ நுனியை மறைத்து நிற்கும். புழு தனியாகத் தொங்கும். வேக்கி ரிக்குக்கும் நெக்கோ ரிக்குக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை, ஏனென்றால் இந்த இரண்டிலும் முள் புழுவின் நடு உடம்பைக் குறுக்கே குத்தி நிற்பதால் நுனியைப் புழுவுக்குள் புதைப்பது கடினம். வாங்கிய பாக்கெட்டில் இருப்பதை அப்படியே பயன்படுத்தாதீர்கள். விரல் நுனியால் கார்டை அழுத்திப் பாருங்கள். லேசாகத் தொட்டதும் மடிய வேண்டும். விறைப்பாக நின்றால் 6 பவுண்டு லைனுக்கு அது ஆகாது. கம்பி என்றால் இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் வளைத்துத் தளர்த்துங்கள், நைலான் என்றால் நுனியைத் தாண்டிக் கொஞ்சம் மட்டும் நிற்கும்படி வெட்டிவிடுங்கள்.

இன்னொரு படி, முள்ளைப் புழுவின் முதுகு வழியே முழுக்க வெளியே எடுத்து, நுனியை மட்டும் மேல் தோலுக்குள் மயிரளவு செருகுவது. ஷேக்கி ஹெட் என்னும் எடைத் தலை முள் போடுகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் செய்கிறார்கள். புழுவின் உடம்பு முழுவதையும் கிழிக்க வேண்டிய வேலை மிச்சமாகிறது. தோலை மட்டும் தாண்டினால் போதும். சரியாகச் செருகியிருக்கிறீர்களா என்று பார்க்க முதுகின் மேல் விரலை ஓட்டுங்கள், நகத்தில் எதுவும் தட்டக் கூடாது. பிறகு இரண்டு விரலால் புழுவை லேசாக நசுக்குங்கள், நுனி உடனே எட்டிப் பார்க்க வேண்டும். பலமாக நசுக்கினால்தான் வருகிறது என்றால் ஏரியிலும் வராது.

இங்கே புழுவின் பருமன் பெரிய வேலை செய்கிறது. 5 அங்குல சென்கோ போன்ற தடித்த குச்சிப் புழுவை மறைத்துப் போட வேண்டுமென்றால், நசுங்கும் பிளாஸ்டிக்குக்கு இடம் விட 3/0 அல்லது 4/0 முள் வேண்டும். அவ்வளவு பெரிய முள் வந்துவிட்டால் ஃபினெஸ் தளவாடத்தின் கையை மீறிப் போய்விட்டது. சென்கோவை வேக்கியாகப் போடுங்கள். மறைத்துப் போடுவதற்கு நாலு, நாலரை அங்குல நீளமுள்ள ஒல்லியான நேர்வால் புழு எடுங்கள். அதற்கு 1 அல்லது 1/0 எண்ணில், மெல்லிய கம்பியில், நேரான தண்டுள்ள முள் போதும். நேர்த் தண்டு முள்ளில் நுனிக்கும் காதுக்கும் நடுவே இழுவிசை வளையாமல் போகும், இ.டபிள்யூ.ஜி முள்ளில் நுனி காதை நோக்கி உள்ளே திரும்பியிருப்பதால் கொஞ்சம் சுழன்ற பிறகுதான் குத்தும். பலமான சுண்டலுக்கு அந்தச் சுழற்சி பரவாயில்லை, மெல்லிய சுண்டலுக்கு அது நட்டம்.

நெட் ரிக்குக்கு என்று விற்கும் எலாஸ்டெக் புழுக்களை மறைத்துப் போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்த ரப்பர் இழுத்தால் நீளும், சுலபத்தில் கிழியாது. பல மீனுக்குத் தாங்குவது அதனால்தான். நுனியை அதற்குள் ஆழமாகப் புதைத்தால் அதே குணம் எதிரியாகிவிடும். முள் வெளியே வராமல் புழுதான் நீளும். முள் வெளியே நிற்கும் ரிக்குக்கு அதைப் போன்ற புழு இல்லை. மறைப்பதானால் சாதாரண மென்பிளாஸ்டிக் எடுங்கள். இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைக்காதீர்கள், ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்ளும்.

மறைத்த முள்ளைப் போடும் நாளில் கையில் இருக்க வேண்டிய தளவாடம்: மீடியம் ஸ்பின்னிங் ராட், 10 முதல் 15 பவுண்டு பிரெய்டு, 8 அல்லது 10 பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர். பிரெய்டு நீளாது என்பதால் நீங்கள் கொடுக்கும் விசை வீணாகாது. கொத்து தெரிந்ததும் லைனைச் சுற்றி இறுக்கி, மீனின் எடை ராடில் தெரிந்த பிறகு பக்கவாட்டில் நீளமாக இழுங்கள். அந்த ஒரு கணம் இடது கை விரலை லைன் சுற்றிய ஸ்பூல் மேல் வைத்து அழுத்திக்கொண்டால் டிராக் வழுக்காது. மீன் மாட்டியதும் விரலை எடுத்துவிடுங்கள். முள் வெளியே இருக்கும் நாளில் இதில் எதுவுமே செய்யக் கூடாது. ஓங்கிச் சுண்டினால் மெல்லிய முள் வளைந்து நிமிரும், அல்லது மீனின் வாயிலிருந்து லூரையே பிடுங்கிவிடுவீர்கள்.

எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுவதை நான் மனதார ஆதரிக்கிறேன். குத்தி இறங்குவதற்குத் தடையாக நிற்பது கம்பியின் தடிப்பு மட்டும் இல்லை, அந்தச் சின்ன மேடும்தான். அது போனால் மறைத்த முள்கூட மெல்லிய லைனில் முழுதாக இறங்கும். சிம்கோவின் ஸ்மால்மவுத் பாஸ் தண்ணீருக்கு மேலே குதிக்கும்போது லைனைத் தளரவிடாமல் இருந்தால் மீன் தவறுவது அபூர்வம். விடுவிக்கிற மீனுக்கும் இதுவே நல்லது. வேக்கி ரிக்கில் புழு விழுந்துகொண்டிருக்கும்போதே மீன் விழுங்கிவிடும், தொண்டையில் மாட்டும். லைன் பக்கவாட்டில் நகர்வது தெரிந்தால் ஒரு நொடியும் காத்திருக்காதீர்கள். ஆழமாகப் போய்விட்டது, எளிதில் எடுக்க முடியவில்லை என்றால் தோண்டாமல் லைனை ஒட்ட வெட்டி விடுங்கள்.

உங்கள் இரண்டு ஏரிக்கும் தனித்தனியாகச் சொல்கிறேன். ரைஸ் லேக் பெரும்பகுதி ஆழமில்லாதது, கோடையில் மில்ஃபாயில் தண்ணீரின் மேல்மட்டம் வரை வந்துவிடும். ஜூலை, ஆகஸ்டில் களைக்கு நடுவே நெட் ரிக் இழுப்பதை விட்டுவிடுங்கள். களையின் வெளி விளிம்பிலும், களைக்கு நடுவே உள்ள சின்னச் சின்னத் திறப்புகளிலும் வீட் கார்டு வைத்த வேக்கியை விழவிடுங்கள். இழுக்காமல் விழ மட்டும் விட்டால் களை பிடிக்க வாய்ப்பே குறைவு. விளிம்பை ஒட்டி இழுக்க வேண்டுமென்றால் கூம்பிய தலையில் ஒல்லியான புழு, நுனி தோலுக்கடியில். களையின் நட்டநடுவில் இருக்கும் பெரிய லார்ஜ்மவுத் பாஸைத் தேடுவதானால் ஃபினெஸ் ராடைக் கீழே வைத்துவிட்டுத் தவளை லூரை எடுங்கள். 6 பவுண்டு லைனில் மீன் மாட்டினாலும் அந்தக் காட்டுக்குள்ளிருந்து வெளியே கொண்டுவர முடியாது. வாயில் முள்ளோடும் பல மீட்டர் லைனோடும் அந்த மீனை விட்டுவிட்டு வருவது நமக்குத் தகாது.

சிம்கோவில் முள்ளை மறைக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஸீப்ரா சிப்பி வந்த பிறகு தண்ணீர் தெளிந்துவிட்டது, ஸ்மால்மவுத் பாறைத் திட்டுகளிலும் மணலும் கல்லும் சேரும் இடங்களிலும் ரவுண்ட் கோபி என்ற சின்ன மீனைத் தின்றுகொண்டிருக்கும். கோபிக்கு நீந்து பை கிடையாது, தரையை ஒட்டியே வாழும். அதனால் தரையில் நிற்கும் நெட் ரிக்கும், தரைக்கு அரை முழம் மேலே ஆடும் டிராப் ஷாட்டும்தான் அங்கே பேசும். இரண்டிலும் முள் வெளியே, மெல்லிய கம்பி, 6 அல்லது 8 பவுண்டு லீடர். அந்தச் சிப்பிகளின் ஓரம் பிளேடு போல லைனை அறுக்கும், ஆகவே சில வீச்சுக்கு ஒரு முறை கடைசி அரை மீட்டரை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பு தெரிந்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். முள் நுனியையும் அப்போதே கட்டை விரல் நகத்தின் மேல் வைத்து லேசாக இழுத்துப் பாருங்கள். நகத்தில் குத்தி நின்றால் கூர்மை இருக்கிறது, வழுக்கினால் முள்ளை மாற்றுங்கள். கல்லில் உரசுகிற திறந்த முள் மறைத்த முள்ளைவிடச் சீக்கிரம் மழுங்கும், அதனால் 1 மற்றும் 2-ஆம் எண் முட்களைக் கொஞ்சம் அதிகமாகவே வாங்கி வையுங்கள். நீங்கள் வாங்கிய இ.டபிள்யூ.ஜி முட்களும் வீணாகாது, கனமான ராடில் டெக்சஸ் ரிக் போடும்போது அவை தேவைப்படும்.